சட்பரி ஏன் ஏழாவது? கடைசி 12 ஆட்டத்துக்கு முந்தைய தரவரிசை

கம்ப்யூட்டரில் நாங்கள் ஓட்டும் கற்பனை ஐஸ் ஹாக்கி லீக் இது. ஒவ்வோர் அணியையும் ஒரு ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) நடத்துகிறார். ஹாலிஃபாக்ஸ் என்னுடையது. புள்ளிப் பட்டியல் வேறு, அணிகளின் பலத்தைப் பார்த்து நான் போடும் தரவரிசை வேறு. பட்டியலில் முதல் எட்டு அணிகள் பிளே ஆஃபுக்குப் போகும்.

சட்பரி ஜி.எம். கேட்டது, மார்ச் 4, 2025

தம்பி, 48 ஆட்டத்தில் 64 புள்ளி. பட்டியலில் நான் இரண்டாவது. உன் தரவரிசையில் ஏழாவது. பட்டியலில் ஒன்பதாவதாக நிற்கும் உன் ஹாலிஃபாக்ஸ் அதில் ஐந்தாவது. பதினொன்றாவதாக நிற்கும் மாங்டன் மூன்றாவது. இது எந்த ஊர்க் கணக்கு?

மார்ச் 4, இரவு 10.40

சொல்கிறேன் அண்ணே. உங்கள் 64 புள்ளியைப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு புள்ளியாக 28 வெற்றி, 12 தோல்வி, ஓவர்டைமிலோ (சமனில் நின்றால் ஆடும் கூடுதல் நேரம்) ஷூட் அவுட்டிலோ (அதிலும் முடியாவிட்டால் கோல்கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை) தோற்று ஒரு புள்ளி வாங்கியது 8. அந்த 28 வெற்றியில் 11 ஓவர்டைமுக்கோ ஷூட் அவுட்டுக்கோ போய் ஜெயித்தவை. அறுபது நிமிடத்துக்குள் முடிந்த ஆட்டங்களை மட்டும் எடுத்தால் 17 வெற்றி, 12 தோல்வி. நல்ல அணிதான். ஆனால் இரண்டாம் இடத்துக்கு உரிய அணி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோல் கணக்கும் அதையே சொல்கிறது. போட்டது 142, வாங்கியது 136. பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் கண்டுபிடித்த பழைய சூத்திரம் ஹாக்கிக்கும் ஓரளவு பொருந்தும். போட்ட கோலின் வர்க்கத்தையும் வாங்கிய கோலின் வர்க்கத்தையும் கூட்டி, அந்தத் தொகையால் போட்டதன் வர்க்கத்தை வகுக்க வேண்டும். உங்களுக்கு 0.52 வருகிறது. அதாவது 48 ஆட்டத்தில் 25 வெற்றி. கையில் இருப்பது 28.

ஹாலிஃபாக்ஸ் போட்டது 151, வாங்கியது 135. சூத்திரப்படி கிட்டத்தட்ட 27 வெற்றி வந்திருக்க வேண்டும். வந்தது 23. என் அணி என்பதற்காகத் தூக்கிவைக்கவில்லை. எண்ணைப் போட்டேன், அங்கே போய் நின்றது.

மார்ச் 5, காலை 7.15

புதிதாக வந்த இரண்டு ஜி.எம்.களுக்காக ஒரு விளக்கம். நம் லீக்கில் நகரப் பெயர்கள் மட்டும்தான் நிஜம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் கற்பனை. புள்ளி முறை மட்டும் என்எச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) முறை. 1999-2000 சீசனிலிருந்து அங்கே ஓவர்டைமில் தோற்றாலும் ஒரு புள்ளி உண்டு. 2005-06-இல் ஷூட் அவுட் வந்தது. 2015-16-இல் ஓவர்டைமை மூன்றுக்கு மூன்று ஆட்டமாக (கோல்கீப்பர் தவிரப் பக்கத்துக்கு மூன்று பேர்) மாற்றினார்கள்.

இதனால் ஓர் ஆட்டம் அறுபது நிமிடத்தில் முடிந்தால் இரண்டு அணிக்கும் சேர்த்து 2 புள்ளி, இழுத்துக்கொண்டு போனால் 3 புள்ளி. அடிக்கடி இழுக்கிற அணியின் புள்ளி தானாகவே உப்பிவிடும். சட்பரி 48-இல் 19 ஆட்டங்களை ஓவர்டைமுக்கு இழுத்திருக்கிறது. லீக்கில் வேறு யாரும் 13-ஐத் தாண்டவில்லை.

மார்ச் 5, இரவு

மாங்டன் மூன்றாவது எப்படி என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். 47 புள்ளிதான், 21 வெற்றிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 40-ஆவது ஆட்டத்தோடு டிரேட் கெடு (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) முடிந்தது. அதற்கு முந்தைய நாள் மாங்டன் ஒரு கோல்கீப்பரையும் இரண்டு டிஃபென்ஸ்மேன்களையும் வாங்கியது. அதற்குப் பிறகு 8 ஆட்டத்தில் 6 வெற்றி. புதிய கோல்கீப்பர் சந்தித்த 231 ஷாட்டில் 217-ஐத் தடுத்திருக்கிறார்.

பட்டியலில் இருக்கும் 47 புள்ளியில் 35 பழைய மாங்டன் சம்பாதித்தது. அந்த அணி இப்போது இல்லை. இல்லாத அணிக்கு நான் எதற்கு இடம் கொடுக்க வேண்டும்?

நிஜ என்எச்எல்லில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸை நினைத்துப் பாருங்கள். 2019 ஜனவரி 3-ஆம் தேதி காலையில் 31 அணிகளில் கடைசி. நான்கு நாள் கழித்து ஜோர்டன் பின்னிங்டன் என்ற பையன் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்தே கோலில் நின்றார். ஒரு கோல்கூட விடவில்லை. ஜூன் 12 இரவு பாஸ்டனில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை ஜெயித்து, என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். பிப்ரவரியில் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துத் தரவரிசை போட்டவர் அந்த அணியை எங்கே வைத்திருப்பார்?

மார்ச் 6, இரவு 9.30

ஒரு திருத்தம். பெரிய திருத்தம்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, ஒன்பது-சைபரா? அந்தப் பக்கம் கோல்கீப்பரே இல்லையா?” என்று கேட்டாள்.

22-ஆவது ஆட்டம். நாங்கள் 9-0 என்று ஜெயித்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். எதிரணியின் முதல் கோல்கீப்பருக்குக் காயம். அதன் ஜி.எம். அந்த வாரம் வெளியூரில் இருந்ததால் லைன் (மாறி மாறிப் பனியில் இறங்கும் குழுக்களின் பட்டியல்) அனுப்பவில்லை. மென்பொருள் தானாக ஆள் போட்டபோது கீழ் அணியிலிருந்து வந்த மூன்றாவது ஆளை நிறுத்திவிட்டது. அவள் கேட்டது சரிதான். அந்தப் பக்கம் கோல்கீப்பரே இல்லை.

அந்த ஓர் ஆட்டத்தை எடுத்துவிட்டால் ஹாலிஃபாக்ஸ் போட்டது 142, வாங்கியது 135. சட்பரி 142, 136. அண்ணே, உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு கோல். இதை வைத்துக்கொண்டு உங்களை ஏழாவதாகவும் என்னை ஐந்தாவதாகவும் போட்டது தவறு. மன்னியுங்கள்.

ஹாலிஃபாக்ஸை எட்டாவதுக்கு இறக்கிவிட்டேன். சட்பரி இப்போதைக்கு ஆறாவது. மற்ற 14 அணிக்கும் இதே மாதிரி ஒருதலையான ஆட்டங்கள் இருக்கின்றனவா என்று இன்று இரவே பார்க்கிறேன்.

மார்ச் 7

பார்த்தாயிற்று. லைன் அனுப்பாத அணியோடு நடந்த ஆட்டங்கள் மொத்தம் 14. விண்ட்சருக்கு மட்டும் அப்படி மூன்று வாய்த்திருக்கிறது. மூன்றையும் நீக்கிய பிறகும் அவர்கள்தான் முதல் இடம். அதைப் பற்றி இனிமேல் பேச ஒன்றுமில்லை, அது முழு அணி.

மார்ச் 9

இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். நேற்றே எல்லாருக்கும் எழுதியிருந்தேன். அப்படியும் கிங்ஸ்டன் ஜி.எம். லைன் அனுப்பத் தவறிவிட்டார். சமையலறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், பாவம். இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. எட்டாவது இடத்தில் 54 புள்ளியோடு இருக்கிற அணிக்கு இந்த நேரத்தில் இது பேரிழப்பு. அவர் அணி மோசமாகிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தரவரிசையில் கிங்ஸ்டனை நான் தொடவில்லை.

மார்ச் 10, இரவு

சட்பரி அண்ணன் நேற்று போனில் ஒன்று சொன்னார். இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். “ஓவர்டைமில் 11 ஜெயித்து 8 தோற்றதை அதிர்ஷ்டம் என்கிறாயே, மூன்றுக்கு மூன்று ஆட்டத்துக்கென்றே நான் அணியைக் கட்டியிருக்கக் கூடாதா?” என்றார்.

அவருடைய ஆட்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஸ்கேட்டிங்கிலும் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கையாள்வதிலும் லீக்கின் முதல் பத்துப் பேரில் மூன்று பேர் சட்பரியில் இருக்கிறார்கள். இரண்டு ஃபார்வர்டு, ஒரு டிஃபென்ஸ்மேன். மூன்றாவது லைனும் நான்காவது லைனும் மெலிவு. ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் அந்த மெலிவு தெரியும். மூன்றுக்கு மூன்றில் தெரியாது, ஏனென்றால் அப்போது அந்த ஆட்கள் பனியிலேயே இல்லை. அகலமான இடம், வேகமான மூன்று பேர். அவர் திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார்.

நான் அதை எண்ணாகத்தான் பார்த்தேன், அணியாகப் பார்க்கவில்லை. மிச்சமிருக்கும் ஆட்டங்களுக்கு மட்டும் தரவரிசை என்றால் சட்பரி நான்காவது.

பிளே ஆஃபில் கதை வேறு. அங்கே மூன்றுக்கு மூன்று கிடையாது, ஷூட் அவுட்டும் கிடையாது. கோல் விழும்வரை ஐந்துக்கு ஐந்து, இருபது இருபது நிமிடமாக ஓடும். அப்போது மூன்றாவது லைனும் நான்காவது லைனும் வந்தே தீர வேண்டும். ஆக, ஒரே அணிக்கு இரண்டு இடம். மார்ச்சுக்கு நான்காவது, ஏப்ரலுக்கு ஏழாவது. இத்தனை சீசனாக ஒரே பட்டியலில் இரண்டையும் அடைத்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

மார்ச் 12

இன்றைய தேதிக்காக இதை எழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் இதே மார்ச் 12-ஆம் தேதிதான் கொரோனாவால் என்எச்எல் சீசனை நிறுத்தினார்கள். 189 ஆட்டம் மிச்சம். சில அணிகள் 71 ஆட்டமும் சில அணிகள் 68 ஆட்டமும் ஆடியிருந்தன. அதனால் புள்ளியை வைத்து வரிசைப்படுத்த முடியவில்லை, புள்ளி விகிதத்தை எடுத்துக்கொண்டு 24 அணிகளைக் கோப்பைக்கான சுற்றுகளுக்குள் விட்டார்கள்.

அந்த வாரம்தான் நம் ஆட்கள் நான்கு பேர், மிச்ச ஆட்டங்களை நாமே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்போமே என்று ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால்கூட ஒதுங்கி நின்ற காலம். இரவு ஒன்பது மணிக்கு முடிவு வரும் என்று ஒன்று இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதல். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த லீக். தரவரிசையை நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

மார்ச் 13, இரவு 11

54 ஆட்டம் முடிந்தது. கிங்ஸ்டன் 58, ஹாலிஃபாக்ஸ் 58, மாங்டன் 57. எட்டாவது இடம் ஒன்றுதான். சட்பரி 69, மூன்றாவதுக்கு இறங்கியிருக்கிறது. ஆறு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, மூன்று தோல்வி, ஓவர்டைமில் ஒரு தோல்வி. நான் சொன்னது நடந்துவிட்டது என்று எழுத மாட்டேன். ஆறு ஆட்டம் எதையும் நிரூபிக்காது. மாங்டன் அதே ஆறில் ஐந்து ஜெயித்ததற்கும் இதுவே பொருந்தும்.

மார்ச் 14

நேற்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. நிஜ ஹாக்கியில் ஒருவனின் உண்மையான திறமை யாருக்கும் தெரியாது, கோல் கணக்கிலிருந்தும் ஷாட் கணக்கிலிருந்தும் ஊகிக்க வேண்டும். நம் லீக்கில் ஒவ்வொருவனுக்கும் ஸ்கேட்டிங் இத்தனை, பாஸ் இத்தனை, ஸ்கோரிங் இத்தனை என்று அச்சிட்டே இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் சூத்திரமெல்லாம், எண்களைக் கூட்டி வரிசைப்படுத்த வேண்டியதுதானே?

போன சீசன் அப்படித்தான் செய்தேன். மொத்த மதிப்பெண்ணில் முதலாவதாக இருந்த அணி பத்தாவதாக முடித்தது. காரணத்தைத் தேடி அதன் லைன்களைப் பார்த்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். அவருடைய மிகச் சிறந்த பேஸ்ஆஃப் ஆள் (நடுவர் போடும் பக்கைப் பிடிப்பவர், நடுவில் நிற்க வேண்டியவர்) சீசன் முழுக்க ஓரத்தில், விங்கில் ஆடியிருக்கிறார். பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறைந்து, நாம் கோல் போட வேண்டிய நேரம்) தற்காப்பு மட்டுமே தெரிந்த இருவர். கோல்கீப்பர் ஓய்வே இல்லாமல் தொடர்ந்து ஆடியதால் கண்டிஷன் (நூற்றுக்கு எவ்வளவு தெம்பு என்ற எண்) 90-க்குக் கீழே. அச்சிட்ட எண் கடைச் சாமான் மாதிரி. சமைத்தால்தான் சாப்பாடு.

அதிலிருந்து மூன்றையும் பார்க்கிறேன். அச்சிட்ட மதிப்பெண், கோல் வித்தியாசம், கடைசியாக அனுப்பிய லைன். மூன்றும் ஒரே பக்கம் கையைக் காட்டினால் தைரியமாக எழுதுவேன். மாங்டனுக்கு மூன்றும் ஒரே பக்கம்.

மார்ச் 14, பிற்பாடு

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வந்தது. நான் கோவில்பட்டிக்காரன். எனக்கு ஹாக்கி என்றால் செம்மண் தரையும், முழங்காலில் காயாத சிராய்ப்பும், பந்து மட்டையில் படும் அந்தச் சத்தமும்தான். 2012-இல் கனடாவுக்கு வந்த புதிதில் தொலைக்காட்சியில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். பக் எங்கே போகிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த அணியின் கதை புரிந்தது. மேற்குப் பிரிவில் எட்டாவதாக நுழைந்தவர்கள், 20 ஆட்டத்தில் 16-ஐ ஜெயித்துக் கோப்பையை எடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில் ஜெஃப் கார்ட்டரை வாங்கியிருந்தார்கள், டிசம்பரில் பயிற்சியாளரையே மாற்றியிருந்தார்கள். எட்டாவது என்ற எண் அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்துச் சொன்னது.

கோவில்பட்டி மைதானத்தில் எங்கள் கோச்சும் இதையேதான் சொல்வார். எதிரணி போன மாதம் எப்படி ஆடியது என்று சொல்லாதே, இன்றைக்கு யார் இறங்குகிறான் என்று பார்த்து வா என்பார். பார்த்து வருவதற்கென்றே ஒரு பையனை அந்தப் பக்கம் அனுப்புவார். பெரும்பாலும் அந்தப் பையன் நான்தான்.

மார்ச் 17

வார இறுதியில் விரிதாளில் மிச்ச ஆட்டங்களை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஜெயிக்கும் வாய்ப்பைப் போட்டு, சீட்டுக் குலுக்குவது போல எண் எடுக்க விட்டேன். எட்டாவது இடம் ஆயிரத்தில் 460 முறை மாங்டனுக்கு, 390 முறை ஹாலிஃபாக்ஸுக்கு, மீதி கிங்ஸ்டனுக்கு. என் அணியை நான் விரும்பும் அளவுக்கு என் விரிதாள் விரும்பவில்லை.

இதை ஜோசியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018-19-இல் டாம்பா பே 62 வெற்றி, 128 புள்ளி. முதல் சுற்றில் 98 புள்ளி எடுத்த கொலம்பஸ் நான்குக்கு சைபர் என்று வெளியே அனுப்பியது. 30 புள்ளி வித்தியாசம்! அந்த 98-லும் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. டிரேட் கெடுவுக்கு முன் கொலம்பஸ் மேட் டுஷேனை வாங்கியிருந்தது. தன் நட்சத்திரங்களான பனாரினையும் பாப்ரோவ்ஸ்கியையும் விற்காமல் வைத்துக்கொண்டது. 2022-23-இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே சாதனை. 92 புள்ளி எடுத்த ஃபுளோரிடா ஏழு ஆட்டத்தில் அவர்களை முடித்தது. பாஸ்டன் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் இருந்த தொடர் அது. ஏழு ஆட்டத் தொடர் சிறியது. எந்தத் தரவரிசையும் அதைத் தாங்காது.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. 2013-14 டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் மார்ச் நடுவில் வசதியாக உள்ளே இருந்தார்கள். லீக்கிலேயே அதிகம் ஷாட் வாங்கிய அணி அது, கோல்கீப்பர்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஷாட் கணக்குப் பார்ப்பவர்கள் மாதக்கணக்காக எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். இங்கே என் அலுவலகத்தில் அதைச் சொன்னால் அடிக்க வந்தார்கள். கடைசி 14 ஆட்டத்தில் 12 தோல்வி, 84 புள்ளியோடு வெளியே. அந்த ஏப்ரலில் ரயிலில் நீலச் சட்டை போட்ட யாரும் யாரோடும் பேசவில்லை. இந்த எண்களை நான் நம்பத் தொடங்கியது அந்த மாதம்தான்.

மார்ச் 18

நேற்றைய குறிப்பில் ஒரு பிசகு. விரிதாளில் சொந்த ஊர் ஆட்டத்துக்கும் வெளியூர் ஆட்டத்துக்கும் ஒரே வாய்ப்பைப் போட்டிருந்தேன். ஹாலிஃபாக்ஸுக்கு மிச்சமிருந்த ஆறில் நான்கு வெளியூர். சரிசெய்து ஓட்டினால் மாங்டன் 500, நாங்கள் 350. திருத்த வேண்டாம் என்று கை சொன்னது. திருத்திவிட்டேன்.

மார்ச் 20, இரவு 11.50

59 ஆட்டம் முடிந்தது. மாங்டன் 64. ஹாலிஃபாக்ஸ் 64. கிங்ஸ்டன் 62-இல் நின்றுவிட்டது. ஞாயிறு கடைசி ஆட்டம் மாங்டனில், மாங்டனுக்கும் எனக்கும். ஜெயிப்பவர் உள்ளே. கிங்ஸ்டன் ஜெயித்தாலும் 64-தான், எட்டாது.

கிங்ஸ்டன் ஜி.எம். நல்லபடியாக வாழ்த்து எழுதியிருந்தார். மார்ச் 9-இல் போன அந்த இரண்டு ஆட்டத்தை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த சீசனில் கடிகாரம் மாற்றும் ஞாயிறன்று ஆட்டம் வேண்டாம் என்று கமிஷனரிடம் கேட்டிருக்கிறேன். நீங்களும் ஆதரியுங்கள்.

மார்ச் 22

என் கோல்கீப்பரின் கண்டிஷன் 93. மாற்று ஆளின் கண்டிஷன் 100, ஆனால் திறமை இரண்டு படி கீழே. மூன்று முறை மாற்றினேன், மூன்று முறை பழையபடி வைத்தேன். கடைசியில் முதல் ஆளே. மகளிடம் கேட்டேன். “எப்பவும் ஆடுறவர் ஆடட்டும்ப்பா” என்றாள்.

மார்ச் 23, இரவு 9.20

மாங்டன் 2, ஹாலிஃபாக்ஸ் 1.

முடிவுப் பக்கத்தை நேராகத் திறக்கவில்லை. ஆட்ட விவரத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். முதல் பீரியட்டில் ஆளுக்கொரு கோல். இரண்டாவதில் நாங்கள் 16 ஷாட் அடித்தோம். ஒவ்வொரு வரிக்கும் கீழே மாங்டன் கோல்கீப்பரின் பெயரும் பக்கத்தில் ‘தடுத்தார்’ என்பதும் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவதில் 15:48-இல் என் டிஃபென்ஸ்மேனுக்கு ஹூக்கிங் (எதிராளியை மட்டையால் இழுத்த குற்றம்), இரண்டு நிமிடம் வெளியே. 16:20-இல் அவர்கள் பவர் பிளே கோல். கடைசி ஒன்றரை நிமிடம் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறு பேரோடு ஆடினோம். இரண்டு ஷாட் கம்பத்தில் பட்டது. மொத்தம் 38 ஷாட், 37-ஐத் தடுத்துவிட்டார்.

மார்ச் 4-ஆம் தேதி மாங்டனை மூன்றாவதாகப் போட்டவன் நான். சரியாகத்தான் போட்டேன். இன்று இரவு அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. மாங்டன் ஜி.எம்.முக்கு வாழ்த்து. டிரேட் கெடுவுக்கு முந்தைய நாள் அந்த விலைக்கு ஒரு கோல்கீப்பரை வாங்க என்னிடமும் கேட்டார்கள், நான்தான் மறுத்தேன்.

மார்ச் 24, காலை

பிளே ஆஃபுக்கு நான் போடும் தரவரிசை: விண்ட்சர் முதலாவது, மாங்டன் இரண்டாவது. ஆனால் புள்ளிப் பட்டியலில் மாங்டன் எட்டாவது. பாவம், இருவரும் முதல் சுற்றிலேயே மோதுகிறார்கள். சட்பரி 76 புள்ளியோடு பட்டியலில் மூன்றாவதாக முடித்தது. கடைசி 12 ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி, ஓவர்டைமில் இரண்டு தோல்வி. என் கணக்கில் இப்போது ஐந்தாவது. அண்ணன் இந்த முறை சண்டைக்கு வரவில்லை.

மார்ச் 24, இரவு

காரணம் தெரிந்தது. மாலை ஏழு மணிக்குப் போன் வந்தது. “ஏப்ரலுக்கு ஏழாவது என்றாயே, அதைச் சொல்லிவிட்டுப் போனால் ஆயிற்றா? வந்து லைனைப் பார்” என்றார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். அவருடைய வேகக்காரர்கள் இருவரும் சீசன் முழுக்க முதல் லைனில் ஒன்றாகவே ஆடியவர்கள். ஒருவரைப் பிரித்து மூன்றாவது லைனுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஐந்து வருடமாக அவர்கள் இருவரையும் பிரித்ததே இல்லை என்றார். கற்பனை ஆட்டக்காரர்கள்தான், ஆனால் அவர் குரல் கம்மியதை நான் கேட்டேன். எனக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

கடைசியில் முதல் ஆட்டத்துக்கு மட்டும் பிரித்துப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். கோல்கீப்பருக்கு நான்கு நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, கண்டிஷன் 98. நான்காவது லைன் சென்டர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. ஒருவர் பேஸ்ஆஃபில் கெட்டி, இன்னொருவர் ஸ்கேட்டிங்கில் கெட்டி. லைன் அனுப்ப நாளை இரவு ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறது. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.